ஒற்றைச் சாளரத்துக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம்

(உயர்கல்விச் சேவைகள் பற்றிய மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்-ஆஃப் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு, எந்தக் கல்லூரி கிடைக்கும், கம்ப்யூட்டர் எடுப்பதா, மெக்கானிக்கல் எடுப்பதா... இதே பேச்சுதான். இன்றைக்கு விண்ணப்பம், சான்றிதழ் பதிவேற்றம், கல்லூரித் தேர்வு, ஒதுக்கீட்டு ஆணை என்று எல்லாமே கைப்பேசியில் முடிந்துவிடுகிறது. வசதிதான்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தத் திரையில் வருகிற விதிகள் எங்கிருந்து வந்தன? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்குப் போடுகிறோமே, இதை யார் முடிவு செய்தார்கள்? நுழைவுத் தேர்வு ஏன் இல்லை? ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரில் யார் முன்னால் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால், ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அது இருக்கிற மாநிலத்துக்கும் உள்ள உறவின் கதை கிடைக்கும். பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்துகிற இடம், பட்டம் கொடுக்கிற இடம் என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறோம். மாநிலத்தின் கொள்கைகளை உருவாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தேவைக்காகப் பிறந்த நிறுவனம்

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794. நிலத்தை அளக்க ஆட்கள் வேண்டும் என்ற தேவைக்காகச் சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து கல்லூரியானது. 1978-இல் இந்தக் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. ஆக, நிர்வாகத்துக்கு ஒரு தேவை வரும்போது அறிவைக் கொண்டுவந்து கொடுப்பது இந்த நிறுவனத்துக்குப் புதிது கிடையாது. இருநூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம்.

1980-களில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பித்தன. இடங்கள் கூடின. கூடவே நன்கொடை என்ற பிரச்சினையும் கூடியது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், இப்படி நன்கொடை வாங்குவது கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி, நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் எப்படிச் செய்வது? கல்லூரிகளோ ஏராளம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குடும்பம் தனித்தனியாக விண்ணப்பம் போட்டு அலைய முடியுமா? விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற ஒரு விவசாயிக்குக் கோயம்புத்தூரில் என்ன கல்லூரி இருக்கிறது, அங்கே யாரைப் பார்ப்பது என்று எப்படித் தெரியும்?

அந்தச் சூழலில் தமிழ்நாடு எடுத்த வழிதான் ஒற்றைச் சாளர முறை. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, ஒரே கலந்தாய்வு. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசிடம் ஒப்படைக்கும் இடங்களும் ஒரே பட்டியலில் வந்தன. நிர்வாக ஒதுக்கீடு மட்டும் தனி. இந்த முறையின் சிற்பி என்று கல்வித்துறையில் இன்றைக்கும் சொல்லப்படுகிற பெயர் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன். கிண்டியில் படித்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தியவர், 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2021 மே மாதம் காலமானார்.

1990-களில் இருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தக் கலந்தாய்வை அண்ணா பல்கலைக்கழகமே நடத்தியது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாநிலத்தின் எல்லா மூலைகளில் இருந்தும் ராத்திரி பஸ் பிடித்து, காலையில் கிண்டி வளாகத்தில் அப்பாவும் பிள்ளையும் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று எதிரே திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் முறை வரும்போது உள்ளே போய், கண்ணுக்கு முன்னால் இருக்கிற இடத்தில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். யார் சிபாரிசும் வேண்டாம். 2018-இல் இது இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பல்கலைக்கழகம் உருவாக்கி நடத்திக்காட்டிய முறை, இப்போது அரசுத் துறையின் வழக்கமான சேவை ஆகிவிட்டது. கொள்கைப் பங்களிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நடத்துகிறவர் மாறினாலும் முறை நிற்க வேண்டும்.

மூன்றாவது முயற்சி ஏன் நின்றது?

இப்போது நுழைவுத் தேர்வுக்கு வருவோம். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984-இல் வந்தது. நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் போகப்போக, பயிற்சி மையம் இருக்கிற நகரத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், அது இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிட்டதாகக் குரல்கள் எழுந்தன. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தும், பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாததால் பின்தங்கிப் போன பிள்ளைகளின் பிரச்சினை அது.

2005-இல் அரசாணை மூலம் நுழைவுத் தேர்வை ரத்து செய்தார்கள். உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 தொடக்கத்தில் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அதுவும் நிற்கவில்லை. பிறகு 2006-இல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவின் பரிந்துரையின் அடிப்படையில் புதிய சட்டம் வந்தது. மத்திய விதிகளோடு முரண்படக் கூடாது என்பதற்காகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கினார்கள். 2007 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மருத்துவத்துக்குப் பிற்பாடு நீட் வந்தது வேறு கதை. பொறியியலைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடுதான் இன்று வரைக்கும் தொடர்கிறது.

மூன்று தடவையும் ஆசை ஒன்றுதான்: பள்ளி மதிப்பெண்ணை வைத்தே சேர்க்க வேண்டும். அப்புறம் மூன்றாவது தடவை மட்டும் ஏன் நின்றது? சட்டக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரையும் சி.பி.எஸ்.இ. படித்தவரையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்று கேட்டால், “நாங்கள் இப்படிச் செய்வோம்” என்று காட்ட ஒரு கணக்கு வேண்டும். வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்தும் முறை அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. நல்ல எண்ணத்துக்குப் பின்னால் ஆய்வும் கணக்கும் இருந்தால், அதை எதிர்ப்பவர் முன்னாலும் எடுத்து வைக்கலாம். பல்கலைக்கழகம் அரசுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன்.

சரிபார்க்க முடிகிற விதி

இதையே இன்னும் சின்ன விஷயத்தில் பார்க்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். கவிதா கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 90. கட்-ஆஃப் 95 + 45 + 45 = 185. செல்வம் கணிதத்தில் 90, இயற்பியலில் 96, வேதியியலில் 94. 90 + 48 + 47, அதுவும் 185. யார் முன்னால்?

விதி சொல்கிறது: முதலில் கணித மதிப்பெண்ணைப் பார். கவிதா முன்னால். கணிதமும் ஒன்றாக இருந்தால் இயற்பியல். அதற்குப் பிறகும் சில படிகள் உண்டு. அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். எல்லாமே ஒன்றாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றென்றால்தான் ரேண்டம் எண் என்கிற சமவாய்ப்பு எண்.

இந்த எண்ணைப் பற்றி நிறையப் பேருக்குப் பயம். “எனக்குச் சின்ன எண் வந்துடுச்சே, சீட் போயிடுமா?” என்று கேட்கிறார்கள். போகாது. அது கடைசிப் படியில் மட்டும்தான் வேலை செய்யும். பலருடைய விஷயத்தில் அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்பே அந்த எண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஏன்? பட்டியல் போட்ட பிறகு எண் கொடுத்தால், “வேண்டியவருக்கு மாற்றிவிட்டார்கள்” என்று யாராவது சந்தேகப்படலாம். முன்பே கொடுத்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரு விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதாதுங்க. அது நியாயம்தான் என்று, வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மா காகிதமும் பேனாவும் வைத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். தனக்கு இடம் கிடைக்காத பிள்ளைகூட, “ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது” என்று சொல்ல முடிய வேண்டும். ஒற்றைச் சாளர முறை இத்தனை ஆண்டுகள் மக்களின் நம்பிக்கையோடு நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் இந்தத் தெளிவுதான்.

இதே அணுகுமுறையைக் கைப்பேசி பயன்படுத்துகிற நாம் இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். ஒரு காலத்தில் தமிழில் தட்டச்சு செய்ய ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு விசைப்பலகை, ஒவ்வொரு எழுத்துரு. ஒரு கணினியில் அடித்த கடிதம் இன்னொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் அறிஞர்களும் அரசும் மென்பொருள் செய்கிறவர்களும் கூடிப் பேசினார்கள். அதையொட்டி வந்ததுதான் தமிழ் 99 விசைப்பலகை. அந்த முயற்சியிலும் முன்னின்றவர் அனந்தகிருஷ்ணன்தான். இன்றைக்கு ஐபோனின் அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைத் தேடினால் ‘தமிழ் 99’ என்றே பெயர் இருக்கும்.

ஒரு விதியோடு வேலை முடிவதில்லை

நுழைவுத் தேர்வு போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா? ஆகவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் நல்ல கல்லூரிகளிலும் தொழிற்படிப்புகளிலும் போதுமான அளவு வரவில்லை என்ற கேள்வி திரும்பவும் எழுந்தது. 2021-இல் நீதிபதி த. முருகேசன் தலைமையிலான ஆணையம் இதை ஆராய்ந்தது. அதே ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் வந்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்படிச் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? முதல் விதி ஒரு தடையை நீக்கியது. மிச்சம் இருந்த தடையைத் தரவுகள் காட்டின. அதற்கு அடுத்த விதி வந்தது. தரவுகளைத் தொடர்ந்து பார்க்கிற ஆள் இல்லாவிட்டால், முதல் விதியோடு கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

அதனால்தான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் அரசோடு நெருங்கியும் இருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளியும் இருக்க வேண்டும் என்கிறேன். நெருங்கியிருந்தால்தான் தேவை தெரியும், தரவு கிடைக்கும். தள்ளியிருந்தால்தான் “இது சரியாக வேலை செய்யவில்லை” என்று நேராகச் சொல்ல முடியும். தலையாட்டுகிற ஆலோசகர் எந்த அரசுக்கும் பயன்பட மாட்டார். அதே மாதிரி, அரசு பக்கமே எட்டிப் பார்க்காமல் ஆய்வுக் கட்டுரை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிற பல்கலைக்கழகத்தால் அந்த விருதுநகர் விவசாயிக்கு என்ன லாபம்? அந்தப் பல்கலைக்கழகம் நடப்பதில் அவர் கட்டுகிற வரியும் இருக்கிறதே.

நீங்கள் செய்யக்கூடியவை

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்வது? நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, விருப்பப் பட்டியலைப் பயமில்லாமல் போடுங்கள். “பெரிய கல்லூரியை முதலில் போட்டால், அது கிடைக்காமல் இரண்டாவதும் போய்விடும்” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் சுற்றில் உங்கள் தரவரிசையின் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். உங்களுக்குத் தகுதியுள்ள பிரிவில் முதலில் காலியாக இருக்கும் இடம் உங்களுக்கு. நீங்கள் ஆசைப்பட்ட கல்லூரியை மேலே போட்டதால், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் இரண்டாவது விருப்பத்தைத் தட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே உண்மையான விருப்ப வரிசைப்படி போடுங்கள். பத்து, பதினைந்தோடு நிறுத்த வேண்டாம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால், பெயரைப் பார்த்துவிட்டு விடாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சரிபாருங்கள்.

இரண்டு, கல்லூரியின் பேனரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விவரங்களை அண்ணா பல்கலைக்கழகம் பருவவாரியாக வெளியிடுகிறது. எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று பருவங்களை ஒப்பிடுங்கள். நாலு வருஷப் படிப்பு, குடும்பத்தின் சேமிப்பு... அதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழிக்கலாம், தப்பில்லை.

மூன்று, உங்கள் எண், உங்கள் கையில். விண்ணப்பத்தில் வீட்டில் இருக்கிறவரின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ, “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்கிற இடைத்தரகர் எண்ணையோ கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. யாருக்கு வருகிறதோ, உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியல் அவர் கையில். இணைய வசதி இல்லையா? மாவட்டங்களில் இருக்கிற கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போங்கள். உதவி இலவசம்.

நாலாவது, கேளுங்கள். ஒரு விதி புரியவில்லை என்றால் “ஏன்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளிக் கல்வி, மேற்படிப்பு தொடர்பான வழிகாட்டலுக்கு 14417, அரசுச் சேவைகளில் குறை இருந்தால் முதல்வரின் உதவி மையம் 1100. இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவைதான். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டுத் தபாலில் அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக, குறிப்பாகக் கேளுங்கள். “ஊழல் நடக்கிறதா?” என்று கேட்டால் பதில் வராது. “இந்த ஆண்டு இந்தப் பிரிவில் எத்தனை இடம் நிரம்பவில்லை?” என்று கேட்டால் வரும்.

கடைசியாக இதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகம் அரசுக்கு ஆலோசனை சொல்லும். அரசு சட்டம் போடும். ஆனால் அந்த விதி நடைமுறையில் எங்கே இடறுகிறது என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். ஒரு சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி விண்ணப்பம் தவறிப்போகும்போதும், இணையம் இழுக்காத மலைக்கிராமத்தில் கடைசித் தேதி கடந்துபோகும்போதும், அது புள்ளிவிவரத்துக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதுங்கள், பதிவு செய்யுங்கள், பதில் வரும் வரை கேளுங்கள். அடுத்த குழு உட்கார்ந்து அடுத்த விதியை எழுதும்போது, அவர்கள் மேசையில் உங்கள் தகவலும் இருக்க வேண்டும்.